கதவைத் தட்டாத மாணவர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலை தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமானது. 22 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,100 மீட்டர் உயரம், உச்சியில் மூடுபனி. அந்தச் சாலையின் அடிவாரத்தை ஒட்டி நாட்டின் கடினமான நுழைவுத் தேர்வுகளைத் தாண்டி வந்தவர்கள் படிக்கும் இரண்டு நிறுவனங்கள் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது, 2007ல் தொடங்கியது. விதுராவில், பொன்முடி மலை எதிரே தெரியும் மருதாமலையில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஐசர் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். 2008ல் நகரத்துப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் தொடங்கி, பிறகு இந்த 200 ஏக்கர் வளாகத்துக்கு வந்தது. இங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். பதினெட்டு வயதில் மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வந்து சேரும் ஒருவருக்கு அடுத்த ஐந்து ஆண்டுகள் வீடு, ஊர், தெரு எல்லாம் இந்த வளாகம்தான். அங்கே ஒரு மாணவருக்கு மூன்றாவது செமஸ்டரில் மனம் சோர்ந்து, வகுப்புக்குப் போகப் பிடிக்காமல், இரண்டு வாரமாக விடுதி அறையிலேயே கிடக்க நேர்ந்தால் என்ன நடக்கும்? அவர் எழுந்து உதவியைத் தேடிப் போகவேண்டுமா, உதவி அவர் இருக்கும் இடத்துக்கு வருமா?

இந்த இரு நிறுவனங்களின் மீது குறை சொல்ல அவற்றை இங்கே எடுக்கவில்லை. நிலம் கிடைக்கும் இடத்தில் கல்வி வளாகம் கட்டுவது கடந்த பல ஆண்டுகளாக நாடெங்கும் நடப்பது. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதும், துவாக்குடியில் திருச்சி என்.ஐ.டி. இருப்பதும் அப்படித்தான். ஊரைவிட்டு ஒதுங்கிய வளாகம் படிப்புக்கு நல்லதாக இருக்கலாம். மனம் தளர்ந்தவருக்கு அந்த ஒதுக்கம் இரட்டிப்பாகிறது. டவுன் கல்லூரி மாணவருக்குக் குறைந்தபட்சம் தெருவில் ஒரு டாக்டர், அடுத்த தெருவில் ஒரு சித்தி, மாலையில் போய் உட்கார ஒரு டீக்கடை இருக்கும். மலையடிவார வளாகத்தில் நிறுவனம் ஏற்பாடு செய்தது மட்டுமே இருக்கும். அதனால் மனச்சோர்வுக்கு உதவி எப்படி அமையவேண்டும் என்ற கேள்வியை இத்தகைய இடத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில் கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். 2023ல் 13,892 பேர். 2022 கணக்கில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 1,416 பேர். இவர்களில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு இருந்தது என்று இந்தப் புள்ளிவிவரம் சொல்லாது. காவல் நிலையப் பதிவில் தேர்வில் தோல்வி, குடும்பப் பிரச்சினை என்று ஒரு காரணம் எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மனச்சோர்வின் சேதத்தை இறப்புகளை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. மனச்சோர்வு வந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். அரியர் சேர்ந்துகொண்டே போகிறது, நண்பர்கள் விலகுகிறார்கள், கைக்கு வந்த ஆராய்ச்சி வாய்ப்பு போகிறது, ஒரு நாள் பெட்டியோடு ஊர் திரும்புகிறார்கள். சோம்பேறி, கவனம் சிதறியவன், வீட்டை நினைத்து அழுகிறவள் என்ற பெயர்கள்தான் அவர்களுக்கு மிஞ்சுகின்றன. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மேற்பார்வையில் எட்டு நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் சுமார் 14,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018ல் வெளியானது. அவர்களில் 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் போன்ற பிரச்சினைகளில் ஒன்றாவது இருந்திருக்கிறது. அவற்றில் முதலிடம் மனச்சோர்வுக்கு. இந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை. எனவே 35 என்ற எண்ணை அப்படியே விதுராவுக்கோ திருச்சிக்கோ தூக்கி வரக் கூடாது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி 2019ல் வெளியானது. நமக்கு முக்கியம் அதுதான். மனப்பிரச்சினை வந்தால் நிச்சயமாகச் சிகிச்சைக்குப் போவேன் என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர் மட்டுமே. அப்படி நிச்சயமாகச் சொல்லாதவர்கள் முக்கியமாகக் காட்டிய காரணங்கள் இரண்டு. நானே சமாளித்துக்கொள்வேன் என்றவர்கள் 56 சதவீதம். நண்பர்களிடமோ உறவினரிடமோ பேசிக்கொள்வேன் என்றவர்கள் 48 சதவீதம். ஆலோசனை மையங்கள் பல்லாண்டுகளாக இயங்கும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த கணக்கு இது. நம் பக்கத்துக்கு வந்தால், தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16ல் கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் கல்லூரிகள் எங்கே தவறுகின்றன என்று புரியும். உதவி என்றதும் ஓர் அறையை ஒதுக்குகிறோம், கதவில் ஒரு பலகை மாட்டுகிறோம், ஒரு கவுன்சலரை அமர்த்துகிறோம், மாணவர் வந்து கதவைத் தட்டுவார் என்று காத்திருக்கிறோம். மனச்சோர்வு முதலில் பறிப்பது, எழுந்து போய்க் கதவைத் தட்டும் தெம்பைத்தான். கால் எலும்பு முறிந்தவரை மாடிப்படி ஏறி வந்து கட்டுப் போட்டுக்கொள் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அறை வேண்டாம் என்பது என் வாதமில்லை. அறை கட்டாயம் வேண்டும். ஆனால் தன்னை நோயாளி என்று அறிவித்துக்கொண்டால்தான் உதவி கிடைக்கும் என்ற ஏற்பாட்டில் நான்கில் மூன்று பேர் வெளியே நின்றுவிடுவார்கள். மாணவர் ஏற்கெனவே புழங்கும் இடங்களில், அதாவது விடுதியில், துறையில், காய்ச்சலுக்குப் போகும் ஹெல்த் சென்டரில், உதவியின் முதல் படி இருந்தாகவேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2025ல் இரண்டு முறை இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. மார்ச் 24 அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளின் காரணங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கும் எந்த நிறுவனமும் தகுதியுள்ள ஒரு கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்தவேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளி நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ளவேண்டும். ஆசிரியரும் ஊழியரும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி பெறவேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். சட்டம் வரும்வரை இவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். நல்ல தீர்ப்பு, காலம் தாழ்ந்து வந்தாலும் வரவேற்கவேண்டிய தீர்ப்பு. ஆனால் நூறு பேருக்கு ஒரு கவுன்சலர் என்று அது சொல்லவில்லை. நூறு பேர் படித்தாலும் ஆயிரக்கணக்கில் படித்தாலும் கட்டாயமான எண்ணிக்கை ஒன்றுதான். அந்த ஒருவரை அமர்த்திக் கோப்பை மூடிவிட நிர்வாகங்களுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. எனக்கு இந்தத் தீர்ப்பில் கவுன்சலர் பற்றிய நெறியைவிட, ஆண்டுக்கு இரண்டு முறை எல்லோருக்கும் பயிற்சி என்ற நெறியே பெரிதாகத் தெரிகிறது. விடுதி வார்டனும் லேப் உதவியாளரும் மெஸ் பொறுப்பாளரும் பயிற்சி பெற்ற வளாகத்தில், சாப்பிட வராத மாணவரை யாராவது கவனிப்பார்கள்.

மாணவர்கள் கதவைத் தட்டாததற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது அநியாயம். அவர்களுடைய பயங்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்த்த பயங்கள். கவுன்சலர் அறை நிர்வாகக் கட்டடத்தில் இருந்தால், உள்ளே போவதை மூன்று பேராசிரியர்களாவது பார்ப்பார்கள். அப்பாயின்ட்மென்ட் கல்லூரி மின்னஞ்சலில் கேட்கவேண்டும் என்றால் அது யார் கண்ணில் படும் என்று தெரியாது. கவுன்சலர் டீனுக்கு அறிக்கை கொடுப்பவர் என்றால், நாளை ஒழுங்கு நடவடிக்கை வரும்போது இன்று சொன்னது எதிராகத் திரும்புமா என்று தோன்றும். உதவித்தொகை மதிப்பெண்ணோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மருத்துவ விடுப்பு எடுத்தால் போய்விடுமோ? திரும்பி வரும்போது ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட் கேட்டு வாசலில் நிறுத்துவார்களோ? ஆராய்ச்சி மாணவர் என்றால் கைடின் ஒரு கடிதத்தில் வாழ்க்கையே தொங்குகிறது. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு இன்னொரு பயமும் உண்டு. வீட்டுக்குத் தெரிந்தால் படித்தது போதும், வா என்று சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் இந்தப் பேச்சு பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போகும் என்ற பயம். இவற்றையெல்லாம் விழிப்புணர்வுச் சுவரொட்டியால் போக்க முடியாது. விதியை மாற்றித்தான் போக்கமுடியும். கவுன்சலருக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது என்று எழுத்தில் தரவேண்டும். மருத்துவ விடுப்பால் இடமோ உதவித்தொகையோ போகாது என்பதும், திரும்பி வரும்போது எந்த வகுப்பிலிருந்து எப்படித் தொடரலாம் என்பதும் சேர்க்கையின்போதே கையில் கிடைக்கவேண்டும்.

பயத்துக்கு நடுவிலும் மனிதர் தயங்காமல் போகும் ஓர் இடம் உண்டு என்பதைக் கண்டுகொண்ட திட்டம் பொன்முடி இருக்கும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. கேரள அரசு 2017ல் ஆர்த்ரம் இயக்கத்தைத் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியபோது, மனச்சோர்வுக்கென்று ‘ஆஸ்வாசம்’ என்ற கிளினிக்கை அவற்றுக்குள்ளேயே கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ், வேறு எதற்கோ வந்தவரிடமும் சில கேள்விகளைக் கேட்கிறார். தேவைப்படுகிறவரிடம் உட்கார்ந்து பேசுகிறார்; டாக்டர் மருந்து வேண்டுமா என்று பார்க்கிறார்; தீவிரமானவரை மாவட்ட மனநலத் திட்டத்தின் நிபுணரிடம் அனுப்புகிறார்கள். பிரஷரும் சுகரும் பார்க்கும் அதே கூரையின் கீழ் மனச்சோர்வையும் பார்ப்பதில் உள்ள நன்மை எளியது. வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் தன்னைப் பற்றி எதையும் அறிவித்துக்கொள்ளவும் வேண்டாம். தலை பாரமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தவரிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரே இருக்கிறார். நம்மவர்களுக்கு மனத்துயரம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வாய்க்கு வருகிறது என்பதை யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

கேரளத்தின் அரசுக் கல்லூரிகளில் ‘ஜீவனி’ என்ற பெயரில் மாணவர்களுக்குக் கவுன்சலர்களை அமர்த்தும் திட்டமும் நடக்கிறது. ஐசரும் விண்வெளி நிறுவனமும் மத்திய அரசின் கீழ் வருவதால் மாநிலத் திட்டங்களின் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. இது ஒரு நிர்வாகக் கோடுதான். மனச்சோர்வு அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. விதுராவில் தாலுகா மருத்துவமனை இருக்கிறது. திருவனந்தபுரம் ஊளம்பாறையில் 1870ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வளாகத்து ஹெல்த் சென்டரின் நர்ஸுக்கு ஆஸ்வாசம் பயிற்சியைக் கொடுத்து, தாலுகா மருத்துவமனையோடும் மாவட்ட மனநலத் திட்டத்தோடும் எழுத்துப்பூர்வமாக இணைத்துவிட்டால், மத்திய அரசு மாணவருக்கும் மாநில அரசின் ஏணி எட்டிவிடும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். பதிவாளரும் மாவட்ட மருத்துவ அலுவலரும் ஒரு மேசையில் உட்காரவேண்டும்.

நிபுணர்களே இல்லாத நாட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது உண்மைதான். இதற்கான பதில் கோவாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே சங்காத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஓரளவு கடுமையான மனச்சோர்விலிருந்து மிகக் கடுமையான மனச்சோர்வு வரை இருந்த 495 பேரிடம் ஒரு சோதனையை நடத்தினார்கள். மனநலத்தில் எந்தப் பட்டமும் இல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். விட்டுப்போன சிறு செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கவைப்பதுதான் பேச்சின் மையம். 2017ல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்வின் எல்லைக்கு வெளியே வந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். மனநல மருத்துவரின் தேவை இதனால் போய்விடவில்லை. கடுமையான நிலையில் இருப்பவருக்கு அவரைத் தவிர வேறு யாரும் போதாது. அவருடைய அரிய நேரம் அந்தக் கடுமையான நிலைக்கே மிஞ்சவேண்டும் என்றால், முதல் படியிலும் இரண்டாம் படியிலும் மற்றவர்கள் நிற்கவேண்டும் என்பதே இந்த ஆய்வு சொல்லும் செய்தி.

அந்த முதல் படியில் இயல்பாகவே நிற்பவர் நண்பர். 48 சதவீதம் பேர் நண்பரிடமோ உறவினரிடமோ பேசிக்கொள்வேன் என்றார்களே, அதைச் சிகிச்சைக்குத் தடையாகப் பார்க்கவேண்டியதில்லை; வாசலாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இருபது வயது ரூம்மேட்டின் தோளில் ஒரு மருத்துவரின் சுமையை ஏற்றிவிடக் கூடாது. அவர் செய்யவேண்டியது கொஞ்சம்தான்: கவனிப்பது, கேட்பது, கூடப் போவது. இரண்டு வாரமாக நீ மெஸ்ஸுக்கு வரவில்லையே, என்னடா ஆச்சு என்று கேட்கத் தெரிந்தால் போதும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2014ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதைப் பற்றிய 13 ஆய்வுகளைப் பரிசீலித்தது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடியதாக ஒன்றிலும் தெரியவில்லை. கேட்கப்பட்டவருக்கு ஆறுதலும் கிடைக்கலாம். ஆம் என்று பதில் வந்தால் அந்த இரவு நண்பரைத் தனியே விடக் கூடாது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டாலும் வார்டனிடமோ டாக்டரிடமோ சொல்லியாகவேண்டும். இதை நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் தாங்கும் சக்தியில்லை, சாதாரண வருத்தத்துக்கெல்லாம் நோய்ப் பெயர் வைக்கிறீர்கள் என்ற கண்டனத்தை மூத்தவர்கள் வாயில் அடிக்கடி கேட்கலாம். அதில் பாதி நியாயம் உண்டு. தேர்வு போனது, காதல் முறிந்தது, ஊரை நினைத்து ஏக்கம் என்று வரும் வருத்தங்களில் பெரும்பாலானவை நாளடைவில் தானே ஆறும். அவற்றுக்கு மருந்தும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். மருத்துவமும் இதையே சொல்கிறது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் மனம் சோர்ந்தே இருந்து, அல்லது பிடித்தது எதிலும் பிடிப்பு இல்லாமல் போய், கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு குலைவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் போன்றவற்றில் பலவும் சேர்ந்து அன்றாட வேலை பாதிக்கப்பட்டால்தான் அது மனச்சோர்வு. உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் பட்டியல் இதைத்தான் அளக்கிறது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஆக, வருத்தத்தையும் நோயையும் பிரித்தறியும் இடமே அந்த முதல் படிதான். அதை ஏற்படுத்தாமல் விட்டால் சாதாரண வருத்தக்காரர் பயந்து மாத்திரை தேடுவதும் நடக்கும், உண்மையான நோயாளி திடமாக இரு என்ற அறிவுரையோடு திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கும். தாங்கும் சக்தியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்த ஏற்பாட்டுக்குத்தான் முதலில் ஆதரவு தரவேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மாணவரை நோகடிப்பது சாதியும் கடனும் கைடின் அவமதிப்பும் வருகைப்பதிவு விதியும் என்றிருக்கும்போது, மாணவரைக் கவுன்சலிங்குக்கு அனுப்புவது குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டுவது ஆகாதா? டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஒதுக்கப்படுவதை 2007லேயே தோரட் குழு பதிவு செய்தது. இந்த வாதத்தின் சாரத்தை நான் முழுதாக ஏற்கிறேன். அவமதிப்புக்கு மருந்து அவமதிப்பை நிறுத்துவதுதான். மூச்சுப்பயிற்சி வகுப்பு அதற்கு ஈடாகாது. ஆனால் விதி மாறும்வரை இன்றிரவு தூங்க முடியாமல் கிடக்கும் மாணவர் காத்திருக்க முடியாது. நல்ல உதவி அமைப்பு சீர்திருத்தத்துக்குச் சாட்சியமும் சேர்க்கும். பெயர்களை நீக்கிவிட்டு, எந்தத் துறையிலிருந்து எத்தனை பேர், எந்த மாதத்தில், எதைப் பற்றிய துயரத்தோடு வந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் கல்விக் குழுவின் முன் வைக்கட்டும். ஒரே ஆய்வகத்திலிருந்து ஆண்டுக்கு ஆண்டு மாணவர்கள் உடைந்து வந்தால், கவுன்சலிங் தேவைப்படுவது மாணவர்களுக்கு மட்டும்தானா என்று நிர்வாகம் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டி வரும். இந்தக் கணக்கை வெளியிடாத வளாகத்தில் மனநல வாரம் கொண்டாடுவதை நான் பெரிதாக மதிக்கமாட்டேன்.

பெற்றோர் கேட்பது இன்னொன்று: என் பிள்ளைக்கு இப்படி இருப்பதை என்னிடம் மறைப்பீர்களா? அந்தக் கேள்வியின் வலி புரிகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் சொல்ல இடம் தருகிறது. 18 வயது நிறைந்தவருக்கு இந்த உரிமை முழுமையாக உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்தால் மாணவர் வாயே திறக்கமாட்டார்; அப்போது பெற்றோருக்கும் எதுவும் தெரியாமலே போகும். ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையில் பேசத் தொடங்கும் மாணவர்களைப் பக்குவமாக வீட்டாரிடம் பேசவைப்பது நல்ல கவுன்சலரின் வேலைகளில் ஒன்று. பெற்றோருக்கு அந்த வழியே பாதுகாப்பான வழி.

கேரளமும் தமிழ்நாடும் மருத்துவமனை வசதியில் நாட்டுக்கே முன்னோடிகள். 2022 கணக்கில் ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலை வீதம் கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9, நாட்டின் சராசரி 12.4. இங்கே பதிவு ஒழுங்காக நடப்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், கட்டடமும் டாக்டரும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் அசைத்துவிடுகின்றன. வசதி இருக்கும் இடத்துக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நம் இரு மாநிலங்களின் பிரச்சினை. மலையடிவார வளாகத்தில் அது கிலோமீட்டராகவும் தெரிகிறது.

நிறுவனம் திருந்தும்வரை மாணவர் சும்மா இருக்கவேண்டியதில்லை. இதைப் படிக்கும் நீங்கள் அந்த நிலையில் இருந்தால், கவுன்சலர் அறைக்குப் போகத் தயக்கமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்று சொல்லி ஹெல்த் சென்டர் டாக்டரிடமே போங்கள். பிறகு மனம் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஒருவேளை மருந்து எழுதினால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்பதை மனதில் வையுங்கள். முதல் சில வாரங்களில், அதுவும் 25 வயதுக்குள் இருப்பவர்கள், டாக்டரை அடிக்கடி பார்க்கவேண்டும். தேறிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. முதல் கவுன்சலர் ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் வளாகத்தில் துக்கத்தைச் சொல்லத் தமிழ்தான் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம், மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழும் மலையாளமும் அதில் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கை நாளில் மெஸ் எப்படி, வை-ஃபை இருக்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கும்போது, இங்கே எத்தனை கவுன்சலர்கள், அவர்கள் யாருக்குப் பதில் சொல்பவர்கள், என் பிள்ளை விடுப்பு எடுத்தால் இடம் இருக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். நூறு பெற்றோர் கேட்டால் அடுத்த ஆண்டு கையேட்டில் பதில் அச்சாகும். இந்த உதவி எண்களையும் பிள்ளையின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்: டெலி மானஸ் 14416, நாள் முழுவதும், கட்டணமில்லை; கேரளத்தில் திசா 1056; சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா 044-24640050.